புயல் ஓய்ந்தபின் மிட்டவுன் கிரீன்வேயில் சைக்கிள்: எந்த நாள் போகலாம், எந்த நாள் வேண்டாம்?

ஏரிக்கரை – செவ்வாய், மாலை 6:10

வணக்கம். ஆகஸ்டில்தான் மினியாபோலிஸ் வந்தேன். பிடே மகா ஸ்கா ஏரிப் பக்கம் வீடு, டவுன்டவுனில் வேலை. மிட்டவுன் கிரீன்வே சைக்கிள் பாதையில் கிழக்கே போய், ரயில் தடத்தோடு போகும் ஹயவாத்தா எல்ஆர்டி ட்ரெயிலைப் பிடித்து வடக்கே திரும்பினால் நேராக அலுவலகம். நவம்பர் வரை சுகமாகப் போய்வந்தேன். ஞாயிறு இரவு தொடங்கிய பனி இன்று மதியம்தான் நின்றது. வாசல்படி தெரியவில்லை.

என்னிடம் இருப்பது சாதாரண ஹைப்ரிட் சைக்கிள், 38 மி.மீ. டயர். நாளைக்குப் போகலாமா, இல்லை இரண்டு மூன்று நாள் கழித்து எல்லாம் இறுகிய பிறகு போவது நல்லதா? ரொம்ப அகலமான டயர் உள்ள ஃபேட் பைக் வாங்கியே ஆக வேண்டுமா? சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடுவதும் யோசனையாக இருக்கிறது. பல வருடம் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

லேக்ஸ்ட்ரீட் – செவ்வாய், இரவு 7:45

தம்பி, நாளைக்கே போகலாம். நீங்கள் தள்ளிப்போட நினைக்கும் அந்த மூன்றாம் நாள்தான் ஆபத்தான நாள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் புயலைப் பார்த்துத்தான் மிரள்கிறார்கள். மைனஸ் 8, மைனஸ் 10-ல் விழும் பனி உலர்ந்த பொடி. டயர் அதைக் கிழித்துக்கொண்டு தாரைத் தொட்டுவிடும். வேகம் எடுக்கவே முடியாது, அதனால் விழுந்தாலும் பெரிதாக அடிபடாது. பிறகு நடப்பதுதான் ஆளைச் சாய்க்கும். மதிய வெயிலில் மேற்பரப்பு இளகும். நாயோடு நடந்தவர் காலடி, ஓடினவர் காலடி, பத்து சைக்கிளின் தடம் எல்லாம் அதில் பதியும். ராத்திரி அப்படியே இறுகிவிடும். மறுநாள் காலை போனால் மூன்று நாலு செ.மீ. ஆழத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கெட்டித் தடங்கள். முன்சக்கரம் ஒன்றில் இறங்கிவிட்டால் அப்புறம் ஹேண்டில்பார் உங்கள் கையில் இல்லை. தடம் இடப்பக்கம் வளைந்தால் சக்கரமும் இடப்பக்கம் போகும், உடம்பு மட்டும் நேரே போகும். இடுப்பில், மணிக்கட்டில் அடிபட்டவர்கள் எனக்குத் தெரிந்து எல்லாருமே இப்படி விழுந்தவர்கள்தான். கொட்டுகிற பனியில் விழுந்து எலும்பு முறிந்தவரை நான் பார்த்ததில்லை.

எவ்வளவு பனி விழுந்தது, எவ்வளவு குளிர் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். பனியைத் தள்ளும் ப்ளோ வண்டி எப்போது வந்துபோனது, அதற்குப் பிறகு வெப்பம் பூஜ்யத்தைத் தாண்டியதா, இந்த இரண்டைத்தான் தினமும் பார்க்கிறேன். வியாழன் மதியம் பிளஸ் 2, அன்றிரவு மைனஸ் 15 என்று சொல்லியிருக்கிறார்கள். ஆக, வெள்ளிக்கிழமை காலைதான் உங்களுக்குச் சோதனை.

உங்கள் அதிர்ஷ்டம், வழியில் கிரீன்வே இருக்கிறது. அது பழைய ரயில் பள்ளம். மில்வாக்கி ரோடு கம்பெனியின் தடத்தைத் தெருமட்டத்துக்குக் கீழே இறக்குவதற்காக 1910களில் வெட்டியது. முதல் பகுதியைச் சைக்கிளுக்குத் திறந்தது 2000-ல். இப்போது ஏறத்தாழ 9 கி.மீ. நீளம், கிழக்கே மிசிசிப்பிக் கரை வரை போகிறது. பள்ளத்துக்குள் காற்றடி குறைவு. முக்கியமாக, பனி நின்ற ஒரு நாளுக்குள் பெரும்பாலும் நகராட்சி ப்ளோ வந்துவிடும். தெருவோர சைக்கிள் தடங்கள் ப்ளோ ஒதுக்கிய பனிக்குவியலுக்கடியில் வாரக்கணக்கில் கிடக்கும்போது இங்கே தார் தெரியும்.

பள்ளத்துக்குள் மூன்று இடத்தில் மட்டும் கவனம். மேலே தெருப்பாலங்கள் வரிசையாக இருக்கின்றன, அவற்றிலிருந்து பகலில் சொட்டும் தண்ணீர் இரவில் கீழே உறைந்து கிடக்கும். தெற்குச் சுவரின் நிழலில் ஐஸ் சீக்கிரம் போகாது. கடைசியாக, ஹயவாத்தா அவென்யூவைத் தாண்டும் சாபோ பாலம். கீழேயும் காற்று என்பதால் பாலத்தின் தளம் மற்ற பாதைக்கு முன்பே உறையும். அதில் இறங்கும்போது பிரேக்கைத் தொடாதீர்கள். வேகத்தை மேலே ஏறும்போதே குறைத்துவிடுங்கள்.

ஈடைனாவாசி – செவ்வாய், இரவு 9:02

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 1991 ஹாலோவீன் புயலில் இந்த ஊரில் 28 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. 2010 டிசம்பரில் 17 அங்குலம் விழுந்து மெட்ரோடோம் விளையாட்டரங்கத்தின் கூரையே கிழிந்து இறங்கியது. இரண்டையும் பார்த்தவன் நான். அப்படிப்பட்ட ஊரில், வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே ஒரு பையனைச் சைக்கிளில் போகச் சொல்வது சரியா? பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. ஊரில் அப்பா அம்மா என்ன பாடுபடுவார்கள்?

லேக்ஸ்ட்ரீட் – செவ்வாய், இரவு 9:30

ஐயா, உங்கள் கவலை நியாயம்தான். பஸ்ஸையும் ரயிலையும் விட்டுவிடச் சொல்லவில்லை. மெட்ரோ ட்ரான்சிட் பஸ்களில் முன்னால் சைக்கிள் மாட்டும் ராக் உண்டு. லேக் ஸ்ட்ரீட் நிலையத்தில் புளூ லைன் ரயிலில் சைக்கிளோடு ஏறலாம். நடுவழியில் நிலைமை சரியில்லை என்றால் அந்த வழி திறந்தே இருக்கிறது. தம்பியின் பாதையில் பாதி தூரத்திலேயே அந்த நிலையம் வருகிறது, அதனால்தான் தைரியமாகப் போகச் சொல்கிறேன்.

புயலன்று காரில் போவதும் பத்திரமில்லை. அதை நாம் பழகிவிட்டதால் கேள்வி கேட்பதில்லை, அவ்வளவுதான்.

வடகரை – செவ்வாய், இரவு 10:15

ஃபேட் பைக் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? நம்ம ஊர்ச் சரக்குதான் அது. ப்ளூமிங்டன் கம்பெனியான சர்லி 2005-ல் பக்ஸ்லி மாடலை இறக்கிய பிறகுதான் கடையில் போய் வாங்கக்கூடிய வண்டியாக ஆனது. நாலு அங்குல டயரில் 6 பிஎஸ்ஐ காற்று வைத்தால் மிதித்த பனி மேலே மிதந்து போகும். தடத்தில் சக்கரம் மாட்டும் பேச்சே இல்லை.

லேக்ஸ்ட்ரீட் – செவ்வாய், இரவு 10:40

தியோடர் வர்த் பூங்காக் காட்டுப்பாதையில் ஓட்டுவதற்கு நானும் அதைத்தான் சொல்வேன். தினசரி வேலைக்கு வேண்டாம். குளிர்காலத்தில் முக்கால்வாசி நாள் ப்ளோ போன தாரில்தான் ஓட்டப் போகிறார், அதில் அந்தக் கனத்தை இழுப்பது வீண் உழைப்பு. இன்னொன்று, அகல டயர் பனியில் மிதக்கும், ஆனால் ஐஸில் வழுக்கும். ஆணி இல்லாத ஃபேட் டயர் ஈரமான ஐஸில் ஏறினால் 38 மி.மீ. டயரைப் போலவே போய்விடும்.

ஃபேட் பைக்குக்குக்கூட அடங்காத பனி ஒன்று உண்டு. உப்பும் மணலும் கலந்து, வண்டிகள் மிதித்து மிதித்து, பத்து செ.மீ. உயரத்தில் நாட்டுச்சர்க்கரை மாதிரிப் பழுப்பாகக் கிடக்கும். அழுத்தினால் இறுகாது, விலகி ஓடும். தெருவைக் கடக்கும் இடங்களில் எல்லாம் அதுதான். அங்கே இறங்கித் தள்ளுவதே உத்தமம், எந்த டயராக இருந்தாலும் சரி.

தம்பிக்கு என் யோசனை: இருக்கிற சைக்கிளுக்கு ஆணி பதித்த டயர் ஒரு ஜோடி. கார்பைடு ஆணியா என்று கேட்டு வாங்குங்கள், வெறும் எஃகு ஆணி தாரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். இப்போது ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அதை முன்சக்கரத்தில் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் தரைதான். புது டயரை முதலில் கொஞ்ச நாள் வறண்ட தாரில் நிதானமாக, சடக்கென்று பிரேக் போடாமல் ஓட்டினால் ஆணிகள் ரப்பரில் நன்றாக உட்காரும். காற்றைக் குறைத்தால் ஆணி நன்றாகத் தரையைப் பிடிக்கும், ஏற்றினால் சத்தமும் இழுவையும் குறையும். அன்றன்றைய பாதையைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

கொஞ்ச நாளில் காதே சொல்லிவிடும். தாரில் சடசடவென்று கேட்கும், பனியில் சத்தம் அடங்கும், ஐஸில் நறநறவென்று மெல்லியதாக வேறு மாதிரி கேட்கும். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத ஐஸை நான் அப்படித்தான் கண்டுகொள்கிறேன்.

செயின்ட்பால்_அக்கா – புதன், காலை 6:20

உடையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கிளம்பும்போது குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பத்தாவது நிமிடம் வியர்க்கும், வியர்வை உள்ளே நின்றால் அதன்பின் நடுக்கம்தான். மேலே காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட், உள்ளே கம்பளி, இவ்வளவு போதும் மைனஸ் 12 வரை.

கையும் காலும்தான் பிரச்சினை. கையுறைக்குச் செலவழிப்பதைவிட, ஹேண்டில்பாரில் மாட்டும் பெரிய உறை கிடைக்கிறது, பார் மிட்ஸ் என்பார்கள், அதை வாங்குங்கள். உள்ளே மெல்லிய கையுறையோடு பிரேக், கியர் எல்லாம் தாராளமாக இயக்கலாம். ஷூ அரை சைஸ் பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான ஷூவுக்குள் எத்தனை சாக்ஸ் போட்டாலும் விரல் மரத்துத்தான் போகும். முகத்துக்கு நம்ம ஊர் மங்கி குல்லாவே போதும், மூக்கை மட்டும் மறைக்கும்படி இழுத்துவிடுங்கள்.

ஒரு கணக்கு மனசில் இருக்கட்டும். காற்றே இல்லாத மைனஸ் 10-ல் நீங்கள் 20 கி.மீ. வேகத்தில் போனால் முகத்துக்கு அது மைனஸ் 18. காற்றுக்குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால் அரை மணி நேரத்துக்குள் திறந்த தோல் உறையத் தொடங்கும். அன்றைக்கு ரயிலில் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏரிக்கரை – புதன், இரவு 7:30

போய்வந்துவிட்டேன்! அண்ணன் சொன்னபடியே கிரீன்வே சுத்தமாக இருந்தது, ப்ளோ வந்துபோயிருக்கிறது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. எதிரே வந்த சைக்கிள்காரர்கள் எல்லாரும் கையசைத்தார்கள்.

கஷ்டப்பட்டது அங்கே இல்லை. பிரையன்ட் அவென்யூ சரிவில் மேலே வந்தால், தெருவைத் தள்ளின ப்ளோ அந்தச் சரிவின் வாயை அப்படியே பனியால் அடைத்துவிட்டுப் போயிருந்தது. இடுப்புயரம், அதுவும் கட்டி கட்டியாக. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறித் தாண்டினேன். பின்னாலேயே மூன்று சக்கர சைக்கிளில் ஒரு வயதான அம்மா வந்தார். நான் இந்தப் பக்கமும் இன்னொருவர் அந்தப் பக்கமும் பிடித்துத்தான் அவர் வண்டியைக் கடத்திவிட்டோம். பாதை இவ்வளவு சுத்தமாக இருந்து, அதற்குள் நுழையவும் வெளியேறவும் முடியாவிட்டால் என்ன பயன்?

லேக்ஸ்ட்ரீட் – புதன், இரவு 8:05

இதைத்தான் வருடா வருடம் கத்திக்கொண்டிருக்கிறேன். பாதையைத் தள்ளுவது ஒரு வண்டி, தெருவைத் தள்ளுவது வேறு வண்டி, பூங்கா ஏரிப் பாதைகளோ தனி அமைப்பான பார்க் போர்டின் பொறுப்பு. ஒவ்வொருவரும் தங்கள் வேலையை ஒழுங்காக முடிக்கிறார்கள், இரண்டும் சேரும் மூலையில் மட்டும் பனி நிற்கிறது. பனி அவசரநிலை அறிவித்தால் மூன்று நாள் முறைவைத்துத் தெருக்களைத் தள்ளுவார்கள். ஒவ்வொரு முறையும் அந்த மூலைக்குப் புதுக் குவியல் வரும்.

நகராட்சியின் புகார் எண்ணான 311-க்குச் சொல்லுங்கள். "கிரீன்வேயில் பனி" என்று சொன்னால் பாதை சுத்தம் என்று மூடிவிடுவார்கள். எந்தத் தெரு, எந்தப் பக்கத்துச் சரிவு, வாய் அடைத்திருக்கிறது என்று படத்தோடு சொல்லுங்கள். தைரியசாலிகள் பனியில் சைக்கிள் ஓட்டுவதை ஊர் பாராட்டுவது எனக்கு முக்கியமில்லை. அந்த அம்மாவின் மூன்று சக்கர வண்டி யார் உதவியும் இல்லாமல் மேலே வர வேண்டும். அதுதான் அளவுகோல்.

ஊலு_தென்றல் – வியாழன், காலை 5:50

ஃபின்லாந்திலிருந்து எழுதுகிறேன். ஊலு நகரம், ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம் தெற்கே. குளிர்காலச் சைக்கிள் மாநாடு முதன்முதலில் 2013-ல் நடந்தது எங்கள் ஊரில்தான், 2016-ல் உங்கள் மினியாபோலிஸில் நடந்தது.

லேக்ஸ்ட்ரீட் சொல்லும் மூலைப் பிரச்சினை இங்கே குறைவு. காரணம், சைக்கிள் பாதைகள் பெரும்பாலும் சாலையை விட்டுத் தள்ளித் தனி வலையாகப் போகின்றன, மொத்தம் 900 கி.மீ.க்கு மேல். பெரிய சாலைகளைச் சுரங்கப்பாதை வழியாகத்தான் தாண்டுவோம், அப்படி 300-க்கு மேல் இருக்கின்றன. தெரு ப்ளோ பனியைக் கொண்டுவந்து கொட்ட இடமே இல்லை. முக்கியப் பாதைகளைக் காலை 7 மணிக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். மெட்சோகங்காஸ் என்ற பள்ளி இருக்கிறது. மைனஸ் 17-லும் அங்கே 1200 பிள்ளைகளில் சுமார் 1000 பேர் சைக்கிளில் வருவதை ஒருமுறை உலகமே செய்தியாகப் படித்தது. அந்தப் பிள்ளைகள் யாரும் வீரர்கள் இல்லை, அவர்களுக்கு முன் ப்ளோ எழுந்துவிடுகிறது.

இன்னொரு வித்தியாசம், நாங்கள் தாரைத் தேடுவதில்லை. உப்பும் போடுவதில்லை. விழுந்த பனியை அழுத்திக் கெட்டியாக்கி, பல் வைத்த தகட்டால் மேலே வரிவரியாகக் கீறி, பொடிக்கல் தூவிவிடுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் அந்தத் தரை ஆணி டயர் இல்லாமலே நன்றாகப் பிடிக்கும். எங்களுக்குக் கஷ்டகாலம் அக்டோபர் கடைசியும் ஏப்ரல் தொடக்கமும்தான், வெப்பம் பூஜ்யத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும் நாட்கள்.

லேக்ஸ்ட்ரீட் – வியாழன், காலை 7:15

அந்தப் பல் தகட்டைப் பொறாமையோடு பார்க்கிறேன். ஆனால் இந்த ஊர் 45 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, ஜனவரி வெயிலுக்கே இங்கே உறைப்பு உண்டு. அழுத்திவைத்த பனி இரண்டு நாளில் இளகித் தடமாகிவிடும். தார்வரை சுரண்டுவதைத் தவிர இங்கே வழியில்லை. உப்புக்கும் எல்லை இருக்கிறது. மைனஸ் 9-க்குக் கீழே சாதாரண உப்பு ஏறக்குறைய வேலை செய்வதில்லை. போட்ட உப்பெல்லாம் கடைசியில் ஏரிக்குத்தான் போகிறது. ஒரு தேக்கரண்டி உப்பு 5 கேலன் தண்ணீரை நிரந்தரமாகக் கெடுக்கும் என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டுத் துறையே சொல்கிறது. ஆகவே எனக்கு வேண்டியது உப்பு அதிகம் அல்ல. ப்ளோ சீக்கிரம் வர வேண்டும், இளகும் முன் வர வேண்டும்.

ஸ்காபரோ_வாசி – வியாழன், மதியம் 12:40

ரொறொன்ரோவிலும் இதே கதைதான். 2022 ஜனவரி 17ஆம் திகதி ஒரே காலையில் சில இடங்களில் அரை மீற்றர் கொட்டியது. 2025 பெப்ரவரியில் ஒரு கிழமைக்குள் இரண்டு புயல் வந்து, பனியை அள்ளி ஏற்றி முடிக்கக் கிழமைக்கணக்கில் எடுத்தது. ஏரிக்கரையில் மார்ட்டின் குட்மன் பாதையைத் துப்புரவாக வைத்திருப்பார்கள். எங்கட பக்கத்து ஆட்கள் ஏரிக்கரைக்குப் போய்ச்சேருவதே பெரும்பாடு. மின்கம்பிப் பாதையோடு போகும் மெடோவே 16 கி.மீ. நீளம், டொன் பள்ளத்தாக்கிலிருந்து ரூஜ் வரைக்கும். வேலைக்குப் போகிற சனத்துக்கு எவ்வளவு உபயோகமான பாதை. ஒவ்வொரு பெரிய வீதியைக் கடக்கும் இடத்திலும் அந்தக் குவியல் நிற்கும். தள்ளுவண்டியில் பிள்ளையைக் கொண்டுபோகிற தாய்மாரும் அதிலேதான் மாட்டுப்படுகினம். சைக்கிள்காரர் மட்டும் முறைப்பாடு செய்தால் ஒருவரும் கேட்கிறார்கள் இல்லை. நடக்கிறவர்களையும் சேர்த்துக் கதையுங்கோ.

கிரீஸ்கை – வியாழன், மாலை 5:25

வெள்ளிக்கிழமைக்கு முன் சைக்கிளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓட்டிவந்ததும் சூடான வீட்டுக்குள் ஏற்றி, காலையில் அப்படியே வெளியே எடுக்காதீர்கள். பனி உருகித் தண்ணீர் கேபிள் உறைக்குள் இறங்கியிருக்கும், வெளியே வந்ததும் உறைந்து கியரையும் பிரேக்கையும் பிடித்துக்கொள்ளும். ஒன்று குளிர்ந்த கராஜிலேயே விடுங்கள், இல்லாவிட்டால் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். உப்பு பட்ட செயின் ஒரே ராத்திரியில் சிவந்துவிடும், துணியால் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய்.

மைனஸ் 20-க்குக் கீழே இன்னொரு தொல்லை வரும். பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் சின்னக் கொக்கிகள், கிரீஸ் இறுகிப் போனதால் மேலே எழும்பாது. பெடல் சுற்றும், சக்கரம் சுற்றாது. குளிர்காலத்துக்கு முன் அந்த கிரீஸை எடுத்துவிட்டு லேசான எண்ணெய் போட்டால் தீர்ந்தது. ஹைட்ராலிக் பிரேக்கில் மினரல் ஆயில் இருந்தால் கடும்குளிரில் லிவர் மந்தமாகத் திரும்பும், பயப்பட வேண்டாம், முன்கூட்டியே அழுத்துங்கள்.

ஏரிக்கரை – வெள்ளி, காலை 9:10

இன்று ரயிலில் வந்தேன். டயர் ஆர்டர் போட்டாயிற்று. ஜன்னல் வழியே பார்த்தால் எங்கள் தெருவோர நடைபாதை முழுக்க நீங்கள் சொன்ன அதே தடங்கள். பிரையன்ட் சரிவைப் படத்தோடு 311-க்கு அனுப்பியிருக்கிறேன், நடக்க முடியாதவர்களையும் குறிப்பிட்டுத்தான் எழுதினேன். நாளை காலை பத்து மணிக்கு ஷவலோடு அங்கே போகிறேன். யாராவது வருகிறீர்களா?

ஒரு கேள்வி. என் மனைவிக்கு மின் சைக்கிள் வாங்கலாமென்று பேச்சு. பேட்டரி இந்தக் குளிரைத் தாங்குமா?

ஈடைனாவாசி – வெள்ளி, காலை 9:40

பத்து மணிக்கு வருகிறேன் தம்பி. காரில் இரண்டு ஷவல் கிடக்கிறது, ஒன்று ஐஸ் உடைக்கிற இரும்பு.

கிரீஸ்கை – வெள்ளி, மதியம் 1:15

தாங்கும், ஆனால் ஓடும் தூரம் நன்றாகக் குறையும். அதனால் தேவைக்குமேல் பெரிய பேட்டரியாகவே பாருங்கள். ஓட்டுவதைவிடச் சார்ஜ் போடுவதில்தான் கவனம் வேண்டும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகக் கெட்டுவிடும். வந்ததும் கழற்றி வீட்டுக்குள் வைத்து, தொட்டால் சில்லென்று இல்லாத அளவுக்கு வந்த பிறகு சார்ஜில் போடுங்கள். காலையில் கிளம்பும் நேரத்தில் மாட்டினால் போதும். அலுவலகத்திலும் கையோடு உள்ளே எடுத்துப் போகும்படி, கழற்றக்கூடிய பேட்டரி உள்ள மாடலாகவே வாங்குங்கள்.